முப்பத்தேழாம் எண் மரத்தின் மேல்முறையீடு

ஒரு காட்டில் ஒரு தான்றி மரம் இருந்தது. இருந்தது என்று நான் சொன்னால் நம்ப வேண்டும், ஆதாரம் கேட்கக் கூடாது. ஆதாரம் கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கதையே இவ்வளவு நீளமாகிவிட்டது.

அந்த மரத்தின் பொந்தில் ஓர் இருவாச்சிக் குடும்பம். புருஷன் பெயர் அலகப்பன். அழகப்பன் இல்லை ஐயா, அலகப்பன். மூக்கைப் பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று தெரிந்துவிடும், உடம்பில் பாதி மூக்கு. பெண்டாட்டி பெயர் மருதாயி. அவளுக்கு மூக்கு கொஞ்சம் சின்னது. அதற்கும் சேர்த்து வாய் நீளம்.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சேற்றையும் தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து, உள்ளேயிருந்தே வாசலைச் சுவர் மாதிரி பூசி அடைத்துவிடும். ஒரு மூக்கு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம் இருக்கும். பிறகு இறகையெல்லாம் உதிர்த்து மெத்தை போட்டுவிடும். நூறு நாளைக்கு வெளியே வர முடியாது, வந்தாலும் பறக்க முடியாது. புருஷன்தான் காடெல்லாம் அலைந்து அத்திப்பழம் பொறுக்கி, தொண்டையில் அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். ஒரு நடைக்கு முப்பது பழம். அத்தனையும் தொண்டையில் இருக்கும்போது வாயைத் திறந்து பேசினால் போச்சு. பழம் கீழே கொட்டிவிடும், அன்றைக்கு உள்ளே இருப்பவள் பட்டினி.

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு "அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை?" என்று யாராவது கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அதே காட்டில் ஒரு காட்டுப்பன்றியும் இருந்தது. பணக்காரப் பன்றி. எல்லோரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். சேற்றில் புரள்வதைப் பன்றிகள் ஆதிகாலத்திலிருந்து சும்மா செய்து வந்தன. முதலாளி அதற்குச் 'சேற்றுக் குளியல் உல்லாச விடுதி' என்று பெயர் வைத்தார். விடுதிக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் வேண்டுமே! நாற்பத்தொரு மரங்களை வெட்ட அனுமதி கேட்டு மனுப் போட்டார். அதில் தான்றி மரம் முப்பத்தேழாவது.

"இந்தக் காட்டுல யாருகிட்டயும் வண்டியே இல்லையே முதலாளி?" என்று ஒரு மான் கேட்டது.

"நிறுத்த இடம் இல்லாததாலதான் யாரும் வாங்கல," என்றார் முதலாளி.

மானுக்கு அது சரியாகத்தான் பட்டது. மானுக்கு எதைச் சொன்னாலும் சரியாகத்தான் படும்.

சட்டப்படி சுற்றுச்சூழல் ஆய்வு செய்ய வேண்டும். செய்தார்கள். செய்தது முதலாளியின் மைத்துனன் முள்ளம்பன்றி. அது காலையில் வந்தது, மரங்களைச் சுற்றி ஒரு நடை நடந்தது, நிழலில் படுத்துத் தூங்கியது, எழுந்து அறிக்கை எழுதியது. 'மரம் எண் முப்பத்தேழு: பறவைகள் எதுவும் இல்லை. தண்டின் நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வப்போது ஆடுகிறது. காளான் எனக் கருதப்படுகிறது.'

அந்தக் காளான்தான் மருதாயியின் மூக்கு.

சட்டப்படி கருத்துக்கேட்புக் கூட்டமும் நடத்த வேண்டும். அதையும் நடத்தினார்கள். ஆலமரத்தடியில் எல்லா விலங்குகளும் கூடின. அனுமதி வழங்கும் அதிகாரி ஓர் உடும்பு. அதிகாரி என்பதால் நான் மரியாதையாக 'அவர்' என்றே சொல்கிறேன். நாளைக்கு எனக்கும் ஒரு சான்றிதழ் தேவைப்படும், வம்பு எதற்கு? அவர் பாறைமேல் உட்கார்ந்து, "ஆட்சேபம் இருக்கிறவங்க வாயைத் திறந்து சொல்லலாம்," என்றார்.

அலகப்பன் பழம் பொறுக்கிக்கொண்டு திரும்பும் வழியில் கூட்டத்தைப் பார்த்து இறங்கியிருந்தான். தொண்டையில் முப்பது பழம். வாயைத் திறந்தால் பழம் போகும், திறக்காவிட்டால் மரம் போகும். பாவம், திருதிருவென்று விழித்தான். தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினான், இறக்கையைப் படபடவென்று அடித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடும்பு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: 'இருவாச்சி ஒருவர் தலையாட்டி, இறக்கை தட்டி, ஆனந்தக் கண்ணீருடன் ஆதரவு தெரிவித்தார்.'

மூன்றாம் நாளே ஆணை வந்துவிட்டது. முதலாளியின் கோப்புக்குக் கால் நிறைய உண்டு. பெரிய தேக்கிலையில் ஆணையை எழுதி, சிங்கராஜாவின் வலது முன்காலை மையில் தோய்த்து ஒத்தியிருந்தார்கள். அந்தக் கால் முத்திரை லேசுப்பட்டதில்லை. அதைக் கிழித்தவன், அழித்தவன், தொலைத்தவன் எவனாக இருந்தாலும் அவன் வாலை ஒட்ட நறுக்க வேண்டும் என்பது காட்டுச் சட்டம். ஆணையின் சாரம் இவ்வளவுதான்: 'பௌர்ணமிக்கு மறுநாள் காலை நாற்பத்தொரு மரங்களையும் சாய்க்கலாம். சாய்க்குமுன் இந்த அசல் ஆணையை அதே இடத்தில் காட்ட வேண்டும்.' பௌர்ணமிக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

அலகப்பன் பழத்தோடு வந்து பார்த்தபோது மரத்தில் சிவப்புச் சாயத்தில் 37 என்று எழுதியிருந்தது. முப்பது பழத்தையும் ஊட்டி முடித்துவிட்டுத்தான் பேசினான்.

"மருதாயி, நம்ம வீட்டுக்கு நம்பர் போட்டிருக்காங்க."

"வரி போடப்போறாங்களா?"

"வெட்டப்போறாங்க."

மருதாயி உள்ளே முட்டையின்மேல் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள்.

"ஓட்டுக்குள்ள இருந்து தட்டுற சத்தம் கேக்குதுங்க," என்றாள் அவள் மெதுவாக. "இன்னும் ரெண்டு மூணு நாள்ல பொரிஞ்சிரும். எனக்கு ஒத்த இறகு கிடையாது. மரம் சாஞ்சா நானும் புள்ளையும் உள்ளயே நசுங்கிப் போவோம்."

"கூட்டத்துலயே சொல்லணும்னுதான் நெனச்சேன். வாய் நிறையப் பழம்..."

"அட மனுசப் பயலே! ஒருநாள் பட்டினி கெடந்தா நான் செத்தா போயிருவேன்? துப்பிட்டுப் பேச வேண்டியதுதானே!"

"மனுசன்னு மட்டும் திட்டாத மருதாயி. அந்த அளவுக்குக் கெட்டது நான் ஒண்ணும் செய்யல."

"சரி, சரி. அழாதீங்க. போயி மேல்முறையீடு பண்ணுங்க. இந்தத் தடவ வெறும் வாயோட போங்க."

மேல்முறையீட்டு அலுவலகத்துக்கு வெளியே ஒரு நரி மனு எழுதிப் பிழைத்து வந்தது. நரி என்றதும் தந்திரம் என்று நினைப்பீர்கள். இந்த நரிக்குத் தந்திரம் சுட்டுப்போட்டாலும் வராது. வந்திருந்தால் உள்ளே நாற்காலியில் அல்லவா உட்கார்ந்திருக்கும்?

"யார் சார்பா எழுதட்டும்?" என்று கேட்டது நரி. "பறவை சார்பாவா, காளான் சார்பாவா?"

"என்னய்யா காளான்? அது என் பெண்டாட்டி!"

"கோவிச்சுக்காதீங்க. அறிக்கையில காளான்னு இருக்கு. பறவைன்னு எழுதினா, அந்த மரத்துல பறவையே கிடையாதுன்னு தள்ளிருவாங்க. காளான்னு எழுதினா, காளானுக்குப் புருஷன் ஏதுன்னு கேப்பாங்க."

கடைசியில் 'காளான் எனக் கருதப்படும் பறவையின் கணவர்' என்று எழுதி முடித்தது. பரவாயில்லை, நல்ல நரிதான்.

மேல்முறையீட்டு அதிகாரியின் குகைக்கு முன்னால் நீண்ட வரிசை. அதில் நின்றால் மருதாயி பட்டினி. பழம் பொறுக்கப் போனால் இடம் போச்சு. முதல் நாள் இப்படியே இடத்தை விட்டுவிட்டு மறுபடி கடைசியில் வந்து நின்றான். அப்புறம்தான் கவனித்தான், வரிசையில் பாதிக்குமேல் கற்கள். ஆளாளுக்கு ஒரு கல்லை வைத்து இடம் பிடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருந்தார்கள். அவனும் ஒரு கல்லை வைத்துவிட்டுப் பறந்தான்.

இரண்டு நாள் கதவு திறக்கவே இல்லை. "அதிகாரி இன்னும் வரல," என்று உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் மதியம் அலகப்பனின் கல்லுக்கு முன்னால் இருந்த கல் தலையை நீட்டி, "நகருதா?" என்று கேட்டது. பார்த்தால் அதுதான் மேல்முறையீட்டு அதிகாரி ஆமை. வேலைக்கு வந்தவர் வாசலில் வரிசையைப் பார்த்ததும் பின்னால் நின்றுவிட்டார். யாருடைய கல்லோ என்று எல்லோரும் சும்மா இருந்துவிட்டார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தபிறகுதான் அலுவலகம் திறந்தது.

ஆமை மனுவைப் படித்தார். ஒரு வரிக்கு ஒரு தூக்கம்.

"பாதிக்கப்பட்டவர் யாரு?"

"என் பெண்டாட்டிங்க அய்யா. உள்ள அடைகாக்குறா."

"நேர்ல வரச் சொல்லுங்க."

"வெளிய வர முடியாதுங்க. இறகு கிடையாது."

"மரத்தை வெட்டினதுக்கு அப்புறம் வெளிய வந்துதானே ஆகணும்? அப்ப வரட்டும். பாதிப்பும் கண்ணுக்கு நல்லாத் தெரியும்."

"அய்யா! அப்ப அவ உசுரோட இருக்க மாட்டா அய்யா!" அலகப்பன் கத்தியே விட்டான். குகையில் இருந்த வௌவால்களெல்லாம் கலைந்து பறந்தன.

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "நேர்ல வர முடியாதவங்களுக்கு ஒரு வழி இருக்கு. அசல் ஆணையோட பின்பக்கத்துல 'படித்தேன், ஒப்பவில்லை'ன்னு மூக்கு முத்திரை வச்சு அனுப்பணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள. அதுக்கப்புறம் கெடு முடிஞ்சுது."

நாளைக்கு மறுநாள் பௌர்ணமி.

மறுநாள் விடிந்ததும் அலகப்பன் உடும்பிடம் போய் ஆணையைக் கேட்டு நின்றான். உடும்பு கேட்டார், "நகல் போதாதா?"

"அசல்தான் வேணுமாங்க."

உடும்புக்கு வியர்த்தது. அசலை வெளியே கொடுப்பது ஆபத்து. ஆனால் மேல்முறையீட்டுக்குக் கேட்ட ஆவணத்தை அன்றைக்கே கொடுக்காவிட்டால் தாமதத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. விதியைப் பிடித்தால் உடும்புப்பிடிதான் அவருக்கு. நகலெடுக்கும் கிளியாவது வந்து ஆணையை ஒருமுறை கேட்டு மனப்பாடம் செய்துகொண்டால் தைரியமாக இருக்கும், அது மாமியார் வீட்டுக் கல்யாணம் என்று ஒரு வாரமாக லீவு. பேரேட்டில் அலகப்பனிடம் நகக்கீறல் வாங்கிக்கொண்டு தேக்கிலையைக் கொடுத்தார்.

"சாயங்காலத்துக்குள்ள திரும்ப வந்திரணும். சிங்கராஜா காலடி. என் வால் இதுலதான் இருக்கு, தெரியுதா?"

"உசுரு மாதிரி பாத்துக்குவேன் அய்யா," என்று சொல்லிவிட்டு அலகப்பன் கிளம்பினான். வழியில் பழுத்த அத்தி மரம் ஒன்று கண்ணில் பட்டது. விடிந்ததிலிருந்து மருதாயி ஒன்றும் சாப்பிடவில்லை. இறங்கி, முப்பது பழம் தொண்டையில் அடக்கினான். இதைச் செய்யாத இருவாச்சிப் புருஷன் இந்த உலகத்தில் கிடையாது. அங்கேதான் வந்தது வினை.

அன்று காலையில்தான் மருதாயியின் முட்டை பொரிந்திருந்தது. பட்டாணி மாதிரி வயிறும் மூடிய கண்ணுமாக ஒரே ஒரு குஞ்சு. அது பிறந்த நேரத்தில் முதலாளியின் கூலியாட்களான காட்டெருமைகள் வந்து, நாளை மறுநாள் எந்தப் பக்கம் சாய்ப்பது என்று பார்ப்பதற்காக மரத்தைக் கொம்பால் ஒரு முட்டு முட்டிவிட்டுப் போயின. வாசல் சுவரில் கையகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்துவிட்டது. குளிர்காற்று நேராகக் குஞ்சின்மேல் அடித்தது. அது வெடவெடவென்று நடுங்கியது. மருதாயி கையில் சேறும் சக்கையும் தீர்ந்து போயிருந்தது. ஓட்டையில் தன் முதுகைக் கொடுத்து அடைத்துக்கொண்டு, புருஷன் எப்போது வருவான் என்று உட்கார்ந்திருந்தாள்.

அலகப்பன் வந்தான். மூக்கு நுனியில் இருந்த தேக்கிலையை முதலில் உள்ளே நீட்டினான். விவரம் சொல்ல வேண்டும், தொண்டையோ நிறைந்திருக்கிறது. பழத்தைக் கொடுத்து முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்து ஊட்ட ஆரம்பித்தான். புருஷன் கீறல் வழியாகக் கொடுத்தால் ஒன்று தின்பதற்கு, இல்லை பூசுவதற்கு. இருவாச்சி வீட்டில் மூன்றாவது சாமான் கிடையாது. மருதாயி ஒரு பழத்தைத் தின்றாள், அடுத்த பழத்தை மென்று குழைத்தாள். இலையை ஓட்டையில் வைத்து, சுற்றிலும் பழச்சக்கையும் எச்சமும் போட்டு, மூக்கால் தட்டித் தட்டிப் பூசினாள். முப்பதாவது பழம் போய் அலகப்பன் தொண்டையைச் செருமியபோது வேலை முடிந்திருந்தது.

"மருதாயி, அந்த இலையோட பின்பக்கத்துல மூக்கை வச்சு..."

"எந்த இலை? நல்ல கெட்டி இலைங்க. கச்சிதமா ஒட்டிக்கிச்சு. புள்ள நடுக்கம் நின்னு தூங்குது."

அலகப்பன் சுவரைப் பார்த்தான். புதுப்பூச்சின் நட்டநடுவில், வெளிப்பக்கம் பார்த்து, சிங்கராஜாவின் வலது முன்காலடி பளிச்சென்று தெரிந்தது. எழுத்தெல்லாம் எச்சத்துக்குள் போய்விட்டது. கிளையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அடியே, அதுதான்டி நம்ம உசுரு! அதுல முத்திரை வச்சாத்தான் மேல்முறையீடு! போச்சு, எல்லாம் போச்சு!"

மருதாயி, "எனக்கு என்னங்க தெரியும், புள்ள நடுங்கிச்சு," என்று மட்டும் சொன்னாள். கீறலில் மூக்கை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதார்கள்.

சாயங்காலம் உடும்பு வந்தார்.

"அசல் எங்கே?"

அலகப்பன் மூக்கால் காட்டினான். உடும்பு மரத்தில் ஏறிப் பார்த்தார். காலடி முத்திரையைப் பார்த்தார். திரும்பித் தன் வாலைப் பார்த்தார். சுரண்டி எடுக்கலாமா என்று ஒரு நகத்தை வைத்தார், பூச்சு சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. சுரண்டினால் முத்திரை கிழியும், கிழிந்தால் வால் போகும். தொலைந்துவிட்டது என்று எழுதினாலும் வால் போகும். அவர் மரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

கெடு முடிந்தது. மறுநாள் பௌர்ணமி. அதற்கு மறுநாள் காலையில் முதலாளி காட்டெருமைகளோடும் மேளதாளத்தோடும் வந்து சேர்ந்தார். அலகப்பன் பொந்துக்கு முன்னால் இறக்கையை விரித்துக்கொண்டு நின்றான். காட்டெருமைகளின் தலைவன் நேர்மையானவன்.

"அசல் ஆணையைக் காட்டுங்க, முட்டுறோம்," என்றான்.

எல்லோரும் உடும்பைப் பார்த்தார்கள். உடும்பு தொண்டையைக் கனைத்தார். "ஆணை பத்திரமா இருக்கு. இதோ, எல்லார் கண்ணுக்கும் தெரியுது பாருங்க, ராஜாவோட காலடி."

"காலடி தெரியுது. ஆணை தெரியலையே? எந்தெந்த மரம்னு படிச்சுப் பாத்துட்டுத்தானே முட்டணும்?"

"படிக்கணும்னா சுவரை உடைக்கணும்," என்றார் உடும்பு.

"உடைச்சுட்டாப் போச்சு!" என்று முதலாளி முன்னால் வந்தார். கோரைப்பல்லை ஓங்கியபோது காலடி முத்திரை அவர் முகத்துக்கு நேராக இருந்தது. அவருடைய வால் இத்தனூண்டுதான். இருந்தாலும் வால் வால்தானே! பல்லை இறக்கிக்கொண்டார். "சரி, வேற ஆணை எழுதிக் குடுங்க."

"ஒரு மரத்துக்கு ஒரு சமயத்துல ஒரு ஆணை, ஒரு மனுதான் இருக்கலாம். புது ஆணை வேணும்னா பழைய அசலை ஒப்படைக்கணும்."

"பழைய அசல்தான் மரத்துக்குள்ள இருக்கே!"

"அப்ப மரத்தை வெட்டி எடுத்துட்டு வாங்க."

"வெட்டத்தானய்யா ஆணை கேக்குறேன்!"

"ஆணை இருந்தாத்தானே வெட்டலாம்?"

முதலாளி வாயடைத்து நின்றார். எத்தனை கூட்டத்தில் எத்தனை பேரை அவர் இப்படி நிறுத்தியிருப்பார்! அலகப்பனுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. காட்டெருமைகள் மட்டும் நல்ல புல் இருக்கிறதென்று மேயப் போய்விட்டன.

முதலாளி விடுவாரா? மேல்முறையீட்டுக்குப் போனார். வரிசையில் நின்றார். அவரும் கல் வைத்தார். ஆமை மனுவைப் படித்துவிட்டு, "நல்லது. அசல் ஆணையோட பின்பக்கத்துல 'படித்தேன், ஒப்பவில்லை'ன்னு கோரைப்பல் முத்திரை வச்சு எடுத்துட்டு வாங்க," என்றார். பின்பக்கம் குஞ்சின் பக்கம் இருந்தது. குஞ்சு அதில் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

உடும்பு தன் வாலைக் காப்பாற்ற ஓர் அறிக்கை எழுதி ராஜாவுக்கு அனுப்பினார். 'மேற்படி அசல் ஆணை, பூச்சி அரிக்காத, மழை புகாத இடத்தில் நிரந்தரமாக வைக்கப்பட்டுள்ளது. அந்த இடம் இன்று முதல் அரசுப் பதிவறை.' மறுநாளே மரத்தில் பலகை மாட்டினார்கள்: 'அரசுப் பதிவறை. வெட்டுதல், முட்டுதல், சுரண்டுதல் குற்றம்.' பறவையின் வீடு என்று சொன்னபோது யாரும் அசையவில்லை. பதிவறை என்றதும் இரண்டு முள்ளெலிகளைக் காவலுக்குப் போட்டார்கள். எனக்கு இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது, ஆனாலும் மருதாயிக்காகச் சந்தோஷமாகவும் இருக்கிறது.

ஆனால் ஒரு தொல்லை. பதிவறைக்குள் எதைக் கொடுப்பதானாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். அலகப்பன் தினமும் காவலர்களிடம் எழுதிக் கொடுத்தான். பெயர்: அலகப்பன். வந்த காரியம்: சாப்பாடு. யாருக்கு: பதிவறைக் காளானுக்கு. முப்பது பழத்தில் இரண்டு காவலுக்குப் போகும். பழத்தை வாயில் வைத்துக்கொண்டே எழுதப் பழகிவிட்டான்.

நூறு நாள் ஆயிற்று. குஞ்சு வளர்ந்து மூக்கும் இறகுமாகப் பொந்தை அடைத்துக்கொண்டு நின்றது. மருதாயிக்கும் இறகு முளைத்துவிட்டது. வழக்கப்படி சுவரை உடைத்து வெளியே வர வேண்டும்.

"உடைச்சா ஆணை வெளிய வந்திரும்ங்க," என்றாள் மருதாயி. "நாம வெளிய வந்த அன்னிக்கே மரம் போயிரும். மத்த நாப்பது மரமும் போயிரும்."

"அதுக்காக ஆயுசுக்கும் உள்ளயா இருப்ப?"

"மரத்துக்கு முன்பக்கம் மட்டுமா இருக்கு? நீங்க போயி அந்த மரங்கொத்தியைக் கூட்டிட்டு வாங்க."

மரங்கொத்தி காவலர்கள் இல்லாத பின்பக்கம் உட்கார்ந்து மூன்று நாள் கொத்தியது. நான்காம் நாள் காலையில் மருதாயி தலையை நீட்டி வெயிலைப் பார்த்தாள். பின்னாலேயே குஞ்சு வந்து, கிளை நுனியில் தடுமாறி, விழுந்துவிடும் என்று அப்பனும் ஆத்தாளும் பதறும்போதே இறக்கையை விரித்துப் பறந்தது. அலகப்பன் தொண்டையில் அன்றைக்கும் முப்பது பழம் இருந்தது. "அடடா!" என்று வாயைத் திறந்துவிட்டான். முப்பதும் கீழே கொட்டின. மருதாயி திட்டவே இல்லை.

முன்சுவர் அப்படியே இருந்தது. ராஜாவின் காலடியும் அப்படியே இருந்தது.

இரண்டு மழைக்காலம் கழித்து ஆமையின் தீர்ப்பு வந்தது. 'மேல்முறையீட்டாளர் உரிய கெடுவுக்குள் மூக்கு முத்திரை வைக்காததால் மனு தள்ளுபடி. அசல் ஆணையைக் காட்டிவிட்டு நாற்பத்தொரு மரங்களையும் தாராளமாக வெட்டலாம்.' நரி அதை வாசித்துக் காட்டி, "தோத்துட்டோமே," என்று அழுதது. மருதாயி சிரித்த சிரிப்பில் காவலுக்கு இருந்த முள்ளெலிகள் சுருண்டுகொண்டன.

அந்தச் சமயத்தில் முதலாளி மலையின் அந்தப் பக்கம் இரண்டாவது விடுதி கட்டப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அங்கேதான் மருதாயியின் தங்கை பூவாயி குடும்பம் இருந்தது. பூவாயி அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

"அக்கா, நாங்களும் மேல்முறையீடு பண்ணணுமா?"

"மூச்சு விடாத," என்றாள் மருதாயி. "அவன் மனுப் போடறதுக்கு முந்தி நீ போடு. உன் மரத்தை வெட்ட நீயே அனுமதி கேளு. ஒரு மரத்துக்கு ஒரு மனுதான். உன் மனு உள்ள கெடக்குற வரைக்கும் அவன் மனுவை வாங்க மாட்டாங்க."

"ஐயோ, அனுமதி குடுத்துட்டாங்கன்னா?"

"நாம என்ன பன்னியா, மூணே நாள்ல குடுக்க?"

பூவாயி போட்டாள். அவளைப் பார்த்து மைனா போட்டது, அணில் போட்டது, தேவாங்கு போட்டது. காடு முழுக்கத் தன் தன் மரத்தை வெட்ட அனுமதி கேட்டு வரிசையில் நின்றது. அலுவலக வாசலில் கல் வைக்க இடமில்லை. உடும்புக்கு மூச்சு முட்டியது. ஒவ்வொரு மனுவுக்கும் ஆய்வு வேண்டும் என்றார், கூட்டம் வேண்டும் என்றார், கிளி லீவு முடிந்து வரட்டும் என்றார்.

பூவாயியின் மனுவுக்கு மட்டும் எப்படியோ கருத்துக்கேட்புக் கூட்டம் கூடிவிட்டது. பூவாயி நடுங்கிப்போனாள். உடும்பு பாறைமேல் உட்கார்ந்து, "ஆட்சேபம் இருக்கிறவங்க வாயைத் திறந்து சொல்லலாம்," என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

அப்போது அலகப்பன் அந்தப் பக்கமாக வந்து இறங்கினான். தொண்டையில் முப்பது பழம். தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினான், இறக்கையைப் படபடவென்று அடித்தான், கண்ணில் தண்ணீர் விட்டான். அவனுக்குத்தான் பழக்கமாயிற்றே! உடும்பு அவனை ஒரு பார்வை பார்த்தார். தன் வாலையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். குறிப்பேட்டில் எழுதினார்: 'இருவாச்சி ஒருவர் தலையை மறுத்தாட்டி, இறக்கையை அடித்துக்கொண்டு, கண்ணீர் மல்கக் கடும் ஆட்சேபம் தெரிவித்தார். கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது.'

பூவாயி தேதி கேட்டு இன்னும் மாதம் ஒருமுறை நினைவூட்டு மனு கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் மரத்தில் இப்போது மூன்றாவது குஞ்சு.

நீதி: 'மரத்தை வெட்டாதீர்கள்' என்று கெஞ்சினால் வெட்டிவிடுவார்கள். 'வெட்டித் தாருங்கள்' என்று மனுக் கொடு, உன் பேரன் காலம் வரை நிற்கும். பன்றியாகப் பிறந்தவர்களுக்கு மட்டும் இந்த வழி ஒத்துவராது, கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.